மலிவும் மதிப்பும்

பங்கு வாங்குவது சூதாட்டம் என்பார் ஒருபுறம். பங்கு வாங்காதவன் பிழைக்கத் தெரியாதவன் என்பார் மறுபுறம். இந்த இரு சாராருக்கும் நடுவில் நின்று தடுமாறுகிறான் இன்றைய மாணவன். கைப்பேசியிலேயே டிமாட் கணக்குத் திறந்துவிடலாம். உதவித்தொகையில் மிஞ்சிய 500 ரூபாய்க்கும் பங்கு வாங்கலாம். வழி எளிதாகிவிட்டது. வழி எளிதான அளவுக்கு விழி திறந்திருக்கிறதா என்பதே என் கேள்வி.

அரசியலும் திரைப்படமும் பேசிய நம் விடுதி உணவுக்கூடத்தில் இப்போது பங்கும் பேசுகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. பொருள் செயல்வகை என்று வள்ளுவர் தனி அதிகாரமே வகுத்தார். பொருளைப் பற்றிப் பேசுவது தமிழனுக்கு இழுக்கு அன்று. ஆனால் அங்கே அடிக்கடி என் காதில் விழும் மந்திரம் ஒன்று உண்டு. 'சின்னக் கம்பெனி, பெரிய சொத்து, குறைந்த விலை' என்பதே அந்த மந்திரம். இந்த மூன்றும் ஓரிடத்தில் சேர்ந்துவிட்டால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம் என்கிறார்கள் தோழர்கள். கண்ணை மூடிக்கொண்டு செய்யத்தக்க செயல் உலகில் ஒன்றே ஒன்றுதான், அது உறக்கம். ஆகவே கண்ணைத் திறந்துகொண்டே இந்த மந்திரத்தை ஆராய்வோம்.

முதலில் மந்திரத்தின் வலிமையை ஒப்புக்கொள்வோம். சந்தையை மேற்பார்க்கும் செபி 2017-ஆம் ஆண்டில் ஒரு வரிசை வகுத்தது. மொத்தச் சந்தை மதிப்பில் முதல் 100 கம்பெனிகள் பெரியவை. 101 முதல் 250 வரை நடுத்தரம். 251-ஆவது இடத்திலிருந்து கடைசி வரை எல்லாம் சிறியவை. முதல் வகுப்புக் கம்பெனி ஒவ்வொன்றையும் எத்தனையோ ஆய்வாளர்கள் பொழுது விடிந்தால் பொழுது போனால் அலசிக்கொண்டிருக்கிறார்கள். கடைசி வகுப்புக் கம்பெனியின் வாசலை எட்டிப் பார்ப்பாரே இல்லை. எவரும் பாராத பொருளின் விலை அதன் மதிப்புக்குக் கீழே கிடப்பது இயல்புதான். பெரிய நிதியங்களுக்கு அங்கே இறங்க இடம் போதாது. சிறு முதலாளிக்கு இடம் உண்டு. இவ்வளவும் உண்மை.

ஆனால், மலிவாகக் கிடப்பது வேறு. அந்த மலிவு நம் கைக்கு இலாபமாக வந்து சேருவது வேறு. இந்த வேற்றுமையை விளக்க நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. டல்ஹவுசி என்று நம் முன்னோர் அழைத்த வினய்-பாதல்-தினேஷ் பாகில் இறங்கினால் நேதாஜி சுபாஷ் சாலை. அதில் 21-ஆம் எண் கட்டடத்தில் இருக்கிறது பால்மர் லாரி கம்பெனி.

ஸ்டீபன் ஜார்ஜ் பால்மர், அலெக்சாண்டர் லாரி என்ற இரு ஸ்காட்லாந்துக்காரர்கள் 1867-இல் கல்கத்தாவில் தொடங்கிய கம்பெனி இது. இன்று மத்திய அரசின் பிடியில் உள்ளது. இரும்புப் பீப்பாய் செய்கிறது, கிரீஸ் செய்கிறது, சரக்கு அனுப்புகிறது, அரசு அலுவலர்களுக்குப் பயணச்சீட்டு எடுத்துத் தருகிறது, நம் சென்னை மணலியில் தோல் பதனிடும் இரசாயனமும் செய்கிறது. இந்தக் கம்பெனியின் பங்குகளில் நூற்றுக்கு 61.80 பங்கு வேறொரு கம்பெனியிடம் இருக்கிறது. அதன் பெயர் பால்மர் லாரி இன்வெஸ்ட்மெண்ட்ஸ். அதற்கும் அதே முகவரிதான்.

இந்த இரண்டாவது கம்பெனி என்ன செய்கிறது? ஒன்றும் செய்வதில்லை! ஆலை இல்லை, கடை இல்லை, சரக்கு இல்லை. முதல் கம்பெனியின் பங்குகளைப் பெட்டியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதே அதன் தொழில். ஐ.பி.பி. என்ற எண்ணெய்க் கம்பெனியிடம் முன்பு பால்மர் லாரிப் பங்குகள் இருந்தன. 2002-இல் அரசு ஐ.பி.பி.யை இந்தியன் ஆயில் கம்பெனிக்கு விற்றது. அந்த விற்பனையோடு பால்மர் லாரியும் போய்விடாதபடி, அதன் பங்குகளைப் பிரித்து வைக்க 2001-இல் உண்டாக்கிய பெட்டி இது. ஐ.பி.பி.யில் பங்கு வைத்திருந்தவர்களே இந்தப் பெட்டிக்கும் பங்குதாரர்கள் ஆனார்கள். பெட்டியில் நூற்றுக்கு 59.67 பங்கு அரசுடையது. மீதி பொதுமக்களுடையது. பெட்டியும் சந்தையில் விலைபோகிறது. பெட்டிக்குள் இருக்கும் பங்கும் சந்தையில் விலைபோகிறது.

இனிக் கணக்குக்கு வருவோம். கணக்கு விளங்குவதற்காக வட்டமான தொகைகளை நானே வைத்துக்கொள்கிறேன். இவை இன்றைய சந்தை விலைகள் அல்ல. பால்மர் லாரி முழுவதையும் சந்தை 1,000 கோடி ரூபாய்க்கு மதிக்கிறது என்போம். அப்படியானால் பெட்டிக்குள் இருக்கும் பங்கின் மதிப்பு 618 கோடி. பெட்டியைச் சந்தை எவ்வளவுக்கு மதிக்க வேண்டும்? பள்ளிப் பிள்ளையும் 618 கோடி என்று சொல்லும். ஆனால் சந்தை அப்படிச் சொல்வதில்லை. இத்தகைய பெட்டிக் கம்பெனிகளை எப்போதும் குறைத்தே மதிக்கிறது. 400 கோடிக்கு மதித்தது என்று வைத்துக்கொள்வோம். ஒரு ரூபாய்ச் சரக்கு 65 காசுக்குக் கிடைக்கிறது என்று பொருள்.

"பார்த்தாயா! 35 காசு இலாபம் கண்ணெதிரே கிடக்கிறது. கத்தரிக்காய் முற்றினால் கடைத்தெருவுக்கு வந்துதானே தீர வேண்டும்?" என்று துள்ளுகிறார் என் நண்பர் ஒருவர். நான் அவரைக் கேட்பது இதுதான். கத்தரிக்காய் முற்றும், சரி. தோட்டத்தின் சாவி யாரிடம் இருக்கிறது?

பெட்டியைத் திறந்து, உள்ளிருக்கும் பங்குகளைப் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்து கொடுத்துவிட்டால் அந்த 35 காசு அன்றே நம் கைக்கு வந்துவிடும். ஆனால் பெட்டியைத் திறக்க முடிவு செய்ய வேண்டியவர் யார்? நூற்றுக்கு 59.67 பங்கு வைத்திருக்கும் அரசு. அரசுக்குப் பெட்டியைத் திறப்பதால் என்ன நன்மை? இங்கேதான் நுட்பம் இருக்கிறது. 61.80-இல் 59.67 விழுக்காடு என்று பெருக்கிப் பாருங்கள். பால்மர் லாரியின் இலாபத்தில் அரசுக்கு உண்மையாகச் சேருவது நூற்றுக்கு 37-க்கும் குறைவு. ஆனால் பெட்டி மூடியிருக்கும் வரை 61.80 வாக்கும் அரசு சொன்னபடி விழும். 37 பங்கு வைத்துக்கொண்டு 61 பங்கின் அதிகாரம் செலுத்தும் வசதியை யார் எளிதில் விடுவார்? இதில் அரசை நான் குறை கூறவில்லை. இந்நாட்டின் பெருவணிகக் குடும்பங்கள் பலவும் இதே ஏற்பாட்டைக் கைக்கொண்டிருக்கின்றன. ஆனால் அவர்களுடைய வசதியும் நம்முடைய இலாபமும் எதிர் எதிர்த் திசையில் நிற்கின்றன என்பதை மட்டும் மறக்கலாகாது.

சாவி யாரிடம் இருக்கிறது என்ற கேள்வியின் அருமையை அமெரிக்க நாட்டுக் கதை ஒன்று இன்னும் தெளிவாக்கும். மலிவுப் பங்கு பேசுவோர் அனைவரும் குருவாகக் கொண்டாடும் பெஞ்சமின் கிரகாம் கதை அது. நார்தர்ன் பைப் லைன் என்ற சிறு எண்ணெய்க் குழாய்க் கம்பெனியின் பங்கு 65 டாலருக்கு விற்றது. 1926-இல் கிரகாம் வாஷிங்டனுக்குப் போய், எவரும் புரட்டிப் பாராத அரசாங்க அறிக்கைகளைப் புரட்டினார். அந்தக் கம்பெனி பங்கு ஒன்றுக்குச் சுமார் 95 டாலர் மதிப்புள்ள இரயில்வேக் கடன் பத்திரங்களைச் சும்மா வைத்திருப்பதைக் கண்டார். இவ்வளவு கதையைத்தான் நம் தோழர்கள் சொல்வார்கள். கதையின் மறுபாதியைச் சொல்ல மாட்டார்கள்.

மறுபாதி இது. பத்திரங்களை விற்றுப் பணத்தைப் பகிர்ந்து கொடுங்கள் என்று கிரகாம் நிருவாகிகளைக் கேட்டார். உமக்குப் பிடிக்காவிட்டால் பங்கை விற்றுவிட்டுப் போம் என்ற பாணியில் விடை வந்தது. 1927-இல் ஆயில் சிட்டி என்ற சிற்றூரில் நடந்த ஆண்டுக் கூட்டத்துக்குத் தன்னந்தனியாகப் போனார். அவருடைய தீர்மானத்தை வழிமொழிய ஆள் இல்லை! அவமானத்தோடு திரும்பியவர் ஓர் ஆண்டு முழுதும் பங்குதாரர்களை வீடு வீடாகத் தேடி வாக்குரிமைச் சீட்டுத் திரட்டினார். 1928-இல் திரும்பிப் போய் நிருவாகக் குழுவில் இரண்டு இடங்களைப் பிடித்தார். அதன் பிறகே கம்பெனி பணிந்தது. பங்கு ஒன்றுக்கு 70 டாலர் பங்குதாரர் கைக்கு வந்தது. ஆக, மலிவைக் கண்டுபிடித்தது பாதி வேலை. பூட்டைத் திறந்தது மறுபாதி. அங்கே பங்குகள் பலர் கையில் சிதறிக் கிடந்தன. மிகப் பெரிய பங்குதாரரான ராக்பெல்லர் அறநிறுவனத்திடமும் பாதிப் பங்கு இல்லை. ஆகவே வாக்குத் திரட்டினால் வழி பிறந்தது. நேதாஜி சுபாஷ் சாலையிலோ பாதிக்கு மேல் ஒருவரே வைத்திருக்கிறார். கிரகாமே மீண்டும் பிறந்து, மீதியுள்ள அத்தனை பேருடைய சீட்டையும் திரட்டி வந்தாலும் வாக்கில் தோற்பார்.

அப்படியானால் பெட்டிப் பங்கு வாங்கத் தகாததா? அவசரப்பட்டு முடிவு கட்டிவிடாதீர்கள். அதே கணக்கை வேறு பக்கத்திலிருந்து பாருங்கள். 1,000 கோடி மதிப்புள்ள பால்மர் லாரி ஆண்டுக்கு 40 கோடி ரூபாய் டிவிடெண்டு கொடுக்கிறது என்போம். நேரே அந்தப் பங்கை வாங்கியவனுக்கு நூற்றுக்கு 4 ரூபாய் கிடைக்கும். பெட்டிக்கு 61.80 விழுக்காடு, அதாவது 24 கோடியே 72 இலட்சம் போகும். அதைப் பெட்டி அப்படியே பகிர்ந்துவிட்டால், 400 கோடி விலையில் பெட்டியை வாங்கியவனுக்கு நூற்றுக்கு 6 ரூபாய் 18 காசு. பூட்டை யாரும் திறக்கவில்லை; சாவியை யாரும் தரவில்லை. ஆனாலும் ஆண்டுதோறும் ஒன்றரை மடங்கு வருமானம்! இந்தப் பெட்டிக் கம்பெனி தனக்கு வந்த டிவிடெண்டில் பெரும்பகுதியைத் தன் பங்குதாரர்களுக்குப் பகிர்ந்தே வந்திருக்கிறது என்பது அதன் ஆண்டறிக்கைகளைப் படித்தால் தெரியும்.

இதுதான் நான் சொல்ல வந்த கருத்து. மதிப்புக்கும் விலைக்கும் இடையேயுள்ள பள்ளம் நம் இலாபம் அன்று. அந்தப் பள்ளத்தின் வழியாக நம் பக்கம் ஓடிவரும் நீர் எவ்வளவோ, அதுவே நம் இலாபம். பள்ளம் என்றாவது நிரம்பினால் மகிழ்ச்சி. அதை எதிர்பார்த்து இன்றே விலை கொடுக்கலாகாது. சின்னக் கம்பெனியை எடைபோடுகிறவன் 'இதன் சொத்து எவ்வளவு?' என்ற கேள்வியோடு நின்றுவிடாமல், 'இந்தச் சொத்திலிருந்து எனக்கு ஏதேனும் தர, இதை ஆள்கிறவனுக்கு என்ன காரணம் இருக்கிறது?' என்ற கேள்வியையும் கேட்க வேண்டும்.

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சொன்னது கம்பெனிக் கணக்கேட்டுக்கும் பொருந்தும். இந்த நகரத்தில் தேயிலைக் கம்பெனிகள் பல உண்டு. ஆயிரக்கணக்கான ஏக்கர் தோட்டம் வைத்திருக்கிறது, அதன் பங்கோ அடிமாட்டு விலைக்குப் போகிறது என்று ஒருவர் சொல்லும்போது நெஞ்சு துடிக்கத்தான் செய்யும். ஆனால் மேற்கு வங்கத்தில் தேயிலைத் தோட்ட நிலம் மாநில அரசிடம் பெற்ற குத்தகை நிலம். கூறுபோட்டு மனையாக விற்றுப் பணம் பார்க்கலாம் என்று எண்ணுவது வீண். அந்தத் தோட்டத்தை நம்பி வாழும் தொழிலாளருக்குச் சேர வேண்டிய வைப்பு நிதியும் பணிக்கொடையும் வேறு இருக்கின்றன. பங்குதாரருக்கு முன்னே அவர்களுக்குத்தான் உரிமை, அதுவே நீதியும்கூட.

இந்தப் பாடம் தமிழருக்குப் புதிதன்று. நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் பர்மாவில் பயிருக்குக் கடன் கொடுத்தார்கள். 1930-இல் உலகெங்கும் விலை வீழ்ந்தபோது நெல் விலையும் வீழ்ந்தது, கடன் திரும்பவில்லை, அடமான நிலம் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த அவர்கள் நிலம் 1938-இல் 25 பங்காயிற்று. ஏட்டில் பார்த்தால் குபேர சம்பத்து! ஆனால் அத்தனை நிலத்தையும் வாங்க ஆளில்லை. 1942-இல் ஜப்பானியப் படை வந்தது. 1948-இல் விடுதலை பெற்ற பர்மா நிலத்தை நாட்டுடைமை ஆக்கியது. சொத்து இருந்தது, அதைப் பணமாக்கும் சாவி அவர்களிடம் இல்லை. வட்டிக் கணக்கில் உலகுக்கே பாடம் சொல்லக்கூடிய சமூகத்துக்கே இந்தக் கதி என்றால், நேற்று டிமாட் கணக்குத் திறந்த நமக்கு எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

சாவி வைத்திருப்பவர் சும்மா இருந்தாலே சிறு பங்குதாரர் காத்துக் கிடக்க வேண்டும். அவர் பணத்தை வேறு பக்கம் திருப்பினால்? உலகின் மிகப் பெரிய தேயிலைக் கம்பெனிகளுள் ஒன்றாக இருந்தது கொல்கத்தாவின் மெக்லியாட் ரசல். அது தன் குழுமத்தைச் சேர்ந்த பிற கம்பெனிகளுக்குக் கொடுத்த பெருங்கடன்கள் திரும்பி வருமா என்ற ஐயத்தைக் கணக்குத் தணிக்கையாளர்களே தம் அறிக்கையில் எழுதினார்கள். 2021-இல் கம்பெனி நொடிப்பு வழக்கு மன்றம் வரை போய், பிறகு சமரசத்தால் மீண்டது. தேயிலைச் செடி ஒன்றும் வாடிவிடவில்லை. மலையும் மழையும் அப்படியேதான் இருந்தன. பணம் மட்டும் போய்விட்டது. சொத்தை மட்டும் எண்ணிப் பங்கு வாங்கியவர்கள் தணிக்கையாளர் எழுதிய அந்தச் சில வரிகளை எண்ணவில்லை.

மந்திரத்தின் மூன்றாம் சொல்லான 'குறைந்த விலை' என்பதையும் தட்டிப் பார்க்க வேண்டும். விலை என்று திரையில் தெரிவதெல்லாம் விலையா? மும்பையில் எல்சிட் இன்வெஸ்ட்மெண்ட்ஸ் என்ற கம்பெனி உண்டு. ஏஷியன் பெயிண்ட்ஸ் பங்குகளைப் பெட்டியில் வைத்திருப்பது அது. அதன் பங்கு விலை 3 ரூபாய் 53 காசு என்று சந்தைப் பட்டியல் நெடுநாள் காட்டியது. அந்த விலைக்கு விற்க ஏறக்குறைய எவரும் முன்வரவில்லை என்பதை மட்டும் பட்டியல் காட்டவில்லை! செபி இத்தகைய கம்பெனிகளுக்குத் தனி ஏலம் நடத்தச் சொன்னது. 2024 அக்டோபர் 29 அன்று அந்தப் பங்கு 2,36,250 ரூபாய்க்குப் போயிற்று. ஒரே நாளில் கோடீசுவரர் ஆகலாம் என்று இந்தக் கதையைப் பலர் பரப்பினார்கள். உண்மை என்ன? 3 ரூபாய்க்கு அது கிடைப்பது அரிதினும் அரிது. கிடைக்காத பொருளின் மலிவு, நீரில் தெரியும் நிலவு.

எதிர்ப்புறத்து ஏமாற்றும் உண்டு. அதற்கு நம் கொல்கத்தாவே பேர்போனது என்று வருத்தத்தோடு சொல்ல வேண்டியிருக்கிறது. ஓராண்டு வைத்திருந்து விற்ற பங்கின் இலாபத்துக்கு வரி இல்லாத காலம் ஒன்று இருந்தது. 2018 நிதிநிலை அறிக்கையில்தான் அதற்கு வரி மீண்டும் வந்தது. வரியில்லாக் காலத்தில் சிலர் தொழிலே இல்லாத வெற்றுக் கம்பெனிகளின் பங்கைச் சில ரூபாய்க்கு வாங்குவார்கள். தங்களுக்குள்ளேயே கைமாற்றி விலையை மலைபோல் ஏற்றுவார்கள். பிறகு தங்கள் கறுப்புப் பணத்தையே வேறொருவர் பெயரில் கொடுத்து அந்தப் பங்கை விற்றதாகக் காட்டுவார்கள். கறுப்பு வெளுப்பாகிவிடும். வருமான வரித்துறையின் கொல்கத்தாப் புலனாய்வுப் பிரிவு இவ்வாறு 84 பங்குகளைப் பட்டியலிட்டது. இந்தப் பங்குகளின் ஏற்றத்தை வெளியிலிருந்து பார்த்து, ஏதோ பெரிய செய்தி வரப்போகிறது என்று நம்பி வாங்கிய அப்பாவிகளும் இருந்திருப்பார்கள் அல்லவா? நாளொன்றுக்குச் சில நூறு பங்கே கைமாறும் கம்பெனியின் விலையை நாலு பேர் கூடித் தீர்மானித்துவிடலாம். அங்கே விலை இறங்குவதும் சான்று ஆகாது. ஏறுவதும் சான்று ஆகாது.

வாங்கியதை விற்பதும் எளிதென்று எண்ணிவிடக்கூடாது. லயன்ஸ் ரேஞ்சு வழியாகப் போகும்போது 7-ஆம் எண் கட்டடத்தை நின்று பாருங்கள். 1830-களில் ஒரு வேப்ப மரத்தடியில் கூடிய தரகர்களின் வழித்தோன்றல்கள் 1908-இல் அமைத்த கல்கத்தாப் பங்குச் சந்தையின் மாளிகை அது. 2001 மார்ச்சில் சில தரகர்கள் பணம் கட்டத் தவறியதால் அச்சந்தை ஆட்டம் கண்டது. 2013 ஏப்ரலில் செபி அங்கே வணிகத்தை நிறுத்தியது. 2025 ஏப்ரலில், தொழிலை விட்டுத் தானாகவே விலகிக்கொள்ளும் முடிவுக்கு அதன் பங்குதாரர்கள் ஒப்புதல் கொடுத்தார்கள். நம் சென்னைப் பங்குச் சந்தையும் 2015-இல் இவ்வாறே விடைபெற்றது. இந்த ஊர்ச் சந்தையில் மட்டும் பதிவாகி, மும்பைச் சந்தைகளில் இடம் பெறாத சின்னக் கம்பெனிகளின் பங்கை வைத்திருந்தவர்களை எண்ணிப் பாருங்கள். கம்பெனி இருக்கிறது, பங்கும் இருக்கிறது, விற்கக் கடைத்தெரு இல்லை! சின்னக் கம்பெனிக்குள் நுழையும் வாயில் அகலம், வெளியேறும் வாயில் குறுகல்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு, "சிறியவர்கள் நமக்குத்தானே இந்தத் தொல்லை? பெரிய நிறுவனங்கள் விவரம் அறிந்தவை, அவை வாங்குவதை நாமும் வாங்கினால் போதுமே" என்று ஒருவர் கேட்கலாம். அவருக்கு நான் 1957-ஐ நினைவூட்டுவேன். ஆயுள் காப்பீட்டுக் கழகம் பிறந்து ஓராண்டுகூட ஆகவில்லை. கல்கத்தா முதலாளி அரிதாஸ் முந்த்ராவைச் சேர்ந்த ஆறு கம்பெனிகளின் பங்குகளை 1 கோடியே 24 இலட்சம் ரூபாய் அளவுக்கு அது அவரிடமிருந்தே வாங்கியது. தன் முதலீட்டுக் குழுவை முன்கூட்டிக் கலக்காமலே வாங்கியது. பாராளுமன்றத்தில் ஃபெரோஸ் காந்தி கேள்வி எழுப்பினார். பம்பாய்த் தலைமை நீதிபதி சாக்ளா மக்கள் முன்னிலையில் விசாரித்தார். கல்கத்தாச் சந்தை சரியாமல் தாங்கிப் பிடிக்கவே வாங்கினோம் என்ற விளக்கம் அவரிடம் எடுபடவில்லை. நிதியமைச்சராக இருந்த நம் தமிழகத்து டி.டி. கிருஷ்ணமாச்சாரி 1958 பிப்ரவரியில் பதவி விலகினார். அங்கே இல்லாமற்போனது அறிவா? இல்லை. படித்தவர்களும் பட்டறிவு மிக்கவர்களும் நிறைந்த இடம் அது. விற்கிறவர் ஏன் விற்கிறார், வாங்குவதால் பாலிசிதாரருக்கு என்ன கிடைக்கும் என்ற எளிய கேள்விகளைக் கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. பெரியவர் வாங்கினார் என்பது நமக்குச் சான்றாகாது.

எனவே தோழர்களே, நான் சொல்லும் முறை இது. ஒரு சின்னக் கம்பெனி மலிவாகத் தோன்றினால் அதன் ஆண்டறிக்கையை எடுங்கள். வலையில் இலவசமாகவே கிடைக்கிறது. வண்ணப் படங்களும் தலைவர் உரையும் நிறைந்த முற்பகுதியை விட்டுவிட்டுப் பிற்பகுதிக்குப் போங்கள். முதலில் தணிக்கையாளர் அறிக்கை. 'இதைத் தவிர' என்று அவர் தொடங்கும் இடம் ஏதேனும் உண்டா என்று பாருங்கள். அடுத்து, உறவுடைய கம்பெனிகளோடு நடந்த கொடுக்கல் வாங்கல் குறிப்பு. பணம் எந்தப் பக்கம் நடக்கிறது என்பதை அது காட்டிக்கொடுக்கும். மூன்றாவதாக, ரொக்க ஓட்டக் கணக்கு. இலாபம் என்று எழுதியது ஐந்தாண்டுகளாகப் பணமாக வந்திருக்கிறதா என்று கூட்டிப் பாருங்கள். நான்காவதாக, பங்குடைமைப் பட்டியல். ஒருவரிடம் பாதிக்கு மேல் இருந்தால், அவருக்கும் நமக்கும் நலம் ஒன்றாக இருக்கிறதா, வேறாக இருக்கிறதா? கடைசியாக, பத்தாண்டு டிவிடெண்டு வரலாறு. இந்த ஐந்தையும் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம். தேர்வுக்கு முந்திய இரவு நாம் புரட்டும் பக்கங்களைவிடக் குறைவுதான்.

படித்தபின் வாங்கத் தோன்றினால் வாங்குங்கள். ஆனால் கல்விக் கட்டணத்துக்கும் ஊருக்குப் போகும் இரயில் சீட்டுக்கும் வைத்த பணத்தை அதில் போடாதீர்கள். சின்னக் கம்பெனி பொறுமையை விலையாகக் கேட்கும். அடுத்த மாதம் வேண்டிய பணத்துக்குப் பொறுமை இராது. மகன் கல்கத்தாவில் படிக்கிறான் என்ற பெருமையோடு தஞ்சையிலும் திண்டுக்கல்லிலும் நெல்லையிலும் தந்தையர் அனுப்பும் பணம் அது. யாரோ ஒருவருடைய பூட்டுக்குள் போய் உட்கார வேண்டிய பணம் அன்று.

நம் தமிழ் மன்றத்துக்கும் ஒரு வேண்டுகோள். பட்டிமன்றம் நடத்துகிறோம், பொங்கல் விழா நடத்துகிறோம், நன்று. மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஏதேனும் ஒரு சின்னக் கம்பெனியின் ஆண்டறிக்கையைக் கூடியிருந்து படிக்கும் வட்டம் ஒன்றையும் தொடங்குவோம். வாங்கு என்றோ விற்று விடு என்றோ அங்கே யாரும் சொல்ல வேண்டாம். வணிகவியல் மாணவர் கணக்கை விளக்கட்டும். சட்ட மாணவர் பங்குதாரர் உரிமையை விளக்கட்டும். பொறியியல் மாணவர் அந்த ஆலையில் என்னதான் செய்கிறார்கள் என்று சொல்லட்டும். முதல் கூட்டத்துக்குப் பால்மர் லாரி இன்வெஸ்ட்மெண்ட்ஸ் அறிக்கையையே எடுத்துக்கொள்ளலாம். ஆலையும் சரக்கும் இல்லாத கம்பெனி ஆகையால் அறிக்கை எளியது. பூட்டும் சாவியும் இருக்குமிடம் முதல் வாசிப்பிலேயே தெரிந்துவிடும். ஐந்தாறு பேர் வந்தாலும் போதும். வருகிற மாத முதல் ஞாயிறு மாலை 5 மணிக்கு அறிக்கையின் படிகளோடு நான் மன்ற அறையில் இருப்பேன்.